கணக்கில் வராதவர்

நவம்பர் கடைசியில் போன சூரியன்
ஜனவரி பாதி தாண்டித்தான் திரும்பும்.
நார்வேயின் இந்த வடக்கு நுனியில்
அதுவரை வெளிச்சம் என்றால்
நண்டு ஆலையின் மஞ்சள் விளக்கு,
தேவாலயக் கோபுரத்தில் ஒரு குழல்விளக்கு.
அதுவும் சிமிட்டும்.

என் வேலை எண்ணுவது.
உள்ளங்கையில் ஒரு சின்ன எந்திரம்,
தலைக்கு ஒரு அழுத்து.
ஆண்டு முடிவில் தொகையைத்
திருச்சபை அலுவலகத்துக்கு அனுப்புகிறோம்.
விதி சுலபம்:
உட்கதவைத் தாண்டியவர் கணக்கில் வருவார்,
முகப்பறையில் நிற்பவர் வரமாட்டார்.
எண்ணுகிறவளும் வரமாட்டாள்.

மற்ற ஞாயிறுகளில் பதினொன்று, பன்னிரண்டு.
ஒருமுறை பனிப்புயலில் நான்கு,
அதில் ஒருவர் ஆர்கன் வாசிப்பவர்.
இன்று கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை;
ஊரே வருகிறது.
மூன்றாம் பெஞ்சு ஒட்வார் குடும்பத்துக்கு.
பெயர் எழுதியதில்லை,
எழுதவேண்டிய அவசியமும் வந்ததில்லை.
வீட்டில் ஆட்டு விலா ஆவியில் வேகிறது,
பிரசங்கம் நீண்டுவிடக் கூடாதே என்ற கவலை
எல்லா முகத்திலும்.
போன கிறிஸ்துமஸுக்கு வந்த கால்கள்
இந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்து
வீட்டுக்காரர்போல் நீட்டிக்கொள்கின்றன.

செப்டம்பரிலிருந்து ஒரு ஞாயிறும் தவறாதவன்
தெஸ்ஃபாலெம் ஒருவன்தான்.
எரித்திரியாக்காரன். ஆலையில் இரவு வேலை.
அவன் முகப்பறையில் நிற்கிறான்.

சொல்லிவிடுகிறேன்.
அக்டோபரில் ஒரு நாள் அவன் உள்ளே வந்து
கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான்,
நண்டு அவித்த நீரின் வாடையோடு.
நான் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை;
கொக்கிதான் 'கிரீச்' என்றது.
அடுத்த வாரத்திலிருந்து அவன் முகப்பறை.
கருவாட்டுக் காசில் எழும்பிய கோயில் இது.
என் அப்பா இதே பெஞ்சில்
மீன்செதில் ஒட்டிய கையால் ஜெபித்தவர்.

போதகர் இங்கெயெர் வாசிக்கிறார்:
ஜனங்களை எண்ணச் சொன்னான் ஒரு பேரரசன்,
எண்ணப்படப் போன ஊரில்
நிறைமாதக்காரிக்குப் படுக்க இடமில்லை.
இருபது வருடமாகக் கேட்கிறேன்.
அந்தக் கதையில்
எண்ணுகிறவன் எந்தப் பக்கம் நின்றான் என்று
இன்றுவரை யோசித்ததில்லை.
எந்திரம் கைக்குள் வியர்த்தது.
இருநூற்று ஏழு.

எழுந்து முகப்பறைக்குப் போனேன்.

அவனுடைய பூட்ஸ் சுவரோரம் ஜோடியாக இருந்தது.
காலுறையோடு கல்தரையில் நின்றான்.
ஆலைச் சேறு பட்ட பூட்ஸ், கூச்சப்படுகிறான் என்று
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
"கோயிலுக்குள் செருப்போடு வருவதில்லை, எங்களில்"
என்றான், தட்டுத்தடுமாறிய நார்வேஜிய மொழியில்.
வருவதில்லை என்றான்,
போவதில்லை என்று சொல்லவில்லை.
அவன் வரையில் இதுவே உள்ளே.

ஜன்னலைப் பற்றி அவன் பேசவில்லை.
நான் வாய் திறந்தேன், வார்த்தை வரவில்லை.
அவன் கொஞ்சம் நகர்ந்து
ஹீட்டர் பக்கத்து இடத்தை எனக்கு விட்டான்.

கோட்டுப் பையில் இஞ்சி பிஸ்கட் இருந்தது, நீட்டினேன்.
வெண்ணெய் போட்டதா என்று கேட்டான்.
ஆமாம்.
சிரித்தான். "நோன்பு. எங்கள் பண்டிகைக்கு
இன்னும் பதினான்கு நாள்."
கைக்குட்டையில் மடித்துப் பத்திரப்படுத்தினான்.
அப்படியானால் இன்று எதற்கு வந்தாய்?
"இன்று உங்களுக்குப் பண்டிகை இல்லையா."

குனிந்து என் பூட்ஸைக் கழற்றினேன்.
கல் சுட்டது. குளிரும் அப்படித்தான் சுடும்.
உள்ளே பாட்டு எழும்பியது.
அவனுக்கு வரிகள் தெரியாது, ராகம் தெரிந்திருந்தது.
எனக்கு வரிகள் தெரியும்.

கூட்டம் கலையும்போது
இரண்டு ஜோடி பூட்ஸைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.
ஒட்வார் மட்டும் நின்று பார்த்தார்,
ஏதோ கேட்க வந்தவர்போல்.
கேட்கவில்லை.

பதிவேட்டை இன்னும் எழுதவில்லை.
ஆலையில் அவன் ஊர்க்காரர்கள் ஒன்பது பேராம்.
ஜனவரி ஏழு வேலைநாள்,
கோயில் பூட்டியிருக்கும்.
சாவி என்னிடம்.